வேணாம்னா எடுத்துடணும்

மூன்று வயது தாண்டியும் என் மகள் பேசவில்லை. ஆனால் அவளுக்கென்று ஒரு மொழி இருந்தது. அதை எங்கள் வீட்டில் எல்லோரும் தோலில் வாங்கியிருந்தோம். பிடிக்காததை ஊட்டினால் கடிப்பாள். பிடிக்காத இடத்துக்குத் தூக்கிப் போனால் கடிப்பாள். சட்டைக் காலரில் லேபிள் உறுத்தினால் லேபிளை விட்டுவிட்டு, பக்கத்தில் யாருடைய கை இருக்கிறதோ அதைக் கடிப்பாள். என் கணவர் கம்பெனிக்கு முழுக்கைச் சட்டை போட்டுப் போகத் தொடங்கினார். கேட்டவர்களிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னாராம். ஓசூர் வெயிலைத் தெரிந்த யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

பெங்களூரில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். உறவுக்காரர்கள் அவரைவிடப் படித்தவர்கள், ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். செல்போன் என்றார்கள். வயிற்றில் பிள்ளையோடு நான் வேலைக்குப் போனது என்றார்கள். அவங்க அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான் என்றார்கள், அவர் அதன் பிறகு பெரிதாக எதுவும் பேசிவிட்டதைப்போல. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டச் சொன்னார்கள். வெட்டினோம். பிள்ளை பேசவில்லை, சாப்பிட வந்தவர்கள் மட்டும் நிறையப் பேசிவிட்டுப் போனார்கள்.

பாகலூர் ரோட்டில் டயர் கடைக்கு மேலே ஒரு தெரபி சென்டர். கீழே டயரில் காற்றடிக்கும் சத்தம், மேலே குட்டி மேசைகளும் குட்டி நாற்காலிகளும். சின்ன வயதிலேயே, தினமும், நேரம் ஒதுக்கி, ஒரு காரியத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளை ஒரு துண்டைச் செய்துவிட்டால் உடனே அவளுக்குப் பிடித்தது எதையாவது கையில் கொடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு பிஸ்கட், சோப்பு நுரைக் குமிழி, கார் பொம்மை. என் மகள் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பிடித்தது குக்கர் வெயிட். அதை மேசைமேல் பம்பரம்போலச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை மூச்சுக்கூட விடாமல் பார்ப்பாள். அதனால் தெரபிக்குப் போகும்போது கைப்பையில் வெயிட்டும் போகும். நாங்கள் திரும்பும்வரை வீட்டில் பருப்பு வேகாது.

எங்களுக்கு வாய்த்த தெரபி மிஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருகிற சின்னப் பெண். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுவார். முதல் நாளே என் மகள் அவர் முழங்கைக்குக் கீழே ஒரு முத்திரை வைத்தாள். மிஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "பல்லு நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு அக்கா" என்றார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எங்களுக்கு அவசரம் இருந்தது. பக்கத்துத் தெரு நர்சரி பள்ளியின் தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. "பேசலன்னா பரவால்லைங்க, பேசற பிள்ளைங்களயே என்னால சமாளிக்க முடியல. கடிக்கறது மட்டும் நிக்கணும். மத்த பிள்ளைங்களோட அம்மாங்க என்னைக் கடிப்பாங்க. நின்னுச்சுன்னா ஜூன்ல கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். மற்ற இடங்களில் கேட்டுக்கு வெளியிலேயே பேச்சை முடித்துவிட்டார்கள். இருந்தது இந்த ஒரு கதவு. அது மூடிவிட்டால் என் மகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்காது என்ற பயம் எனக்கு எந்நேரமும் இருந்தது.

மிஸ்ஸிடம் போய், கடிப்பதை மட்டும் நிறுத்திக்கொடுங்கள், மற்றதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"நிறுத்தலாம் அக்கா. நிறுத்திட்டா அப்புறம் அவ எதால வேணாம்னு சொல்வா?"

அவரே பதிலும் சொன்னார். "பல்லுக்குப் பதிலா அவகிட்ட வேற ஒண்ணு குடுக்கணும். அது பல்லு மாதிரியே வேலை செய்யணும். ஒரு தடவ வேலை செஞ்சு ஒரு தடவ செய்யலன்னா, அவ மறுபடி பல்லுக்குப் போயிடுவா."

வேலை இப்படித்தான் நடந்தது. என் மகளுக்குப் பப்பாளி ஆகாது, அந்த வழவழப்பு உதட்டில் பட்டாலே உடம்பு சிலிர்க்கும். மிஸ் ஒரு துண்டுப் பப்பாளியைத் தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளுவார். அவள் வாயைத் திறப்பதற்குள், நான் பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து, உள்ளங்கை தெரிய முன்னால் நீட்டவைக்க வேண்டும். மிஸ் "வேணாம்" என்று சொல்லி அந்த நொடியே தட்டை எடுத்துவிடுவார். மறுபடி தட்டு, மறுபடி கை, மறுபடி "வேணாம்". கொஞ்சம் கொஞ்சமாக என் பிடி தளர வேண்டும். கடைசியில் என் கையே தேவைப்படக் கூடாது. வார்த்தை எப்போது வருமோ வரட்டும், கை வந்தால் போதும்.

சென்டரில் கை வந்தது. தட்டைக் கண்டதும் தானாகவே உள்ளங்கையை நீட்டினாள், நாற்சந்தியில் நிற்கிற டிராஃபிக் போலீஸ் மாதிரி. நான் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். மிஸ், "இனிமேல் வீட்டுல எல்லாரும் பண்ணணும். யார் குடுத்தாலும், அவ கை நீட்டினா உடனே எடுத்துடணும். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானாம். அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டு விஷயத்தில் "வேணாம்" என்ற வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. முதல் வேணாம் மரியாதைக்குச் சொல்வது. அடுத்தது கூச்சத்தில் வருவது. அதற்கும் மேலே போனால் இலையைக் கையால் மறைப்பார்கள், மறைத்த கையின் மேலேயே ரசத்தை ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் வேணாமிலேயே கரண்டியை எடுத்துக்கொண்டு போகிறவள் கஞ்சம் என்று பெயர் வாங்குவாள். நானே ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் உள்ளே வருகிற உதிரிபாகங்களைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். அளவு சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு ஒட்டி லாரியோடு திருப்பி அனுப்புவேன், எவன் கெஞ்சினாலும் நடக்காது. அப்படிப்பட்ட நான் வீட்டில் கடைசித் தோசையைத் திருப்பி அனுப்பியதே கிடையாது.

இந்தக் கலையில் எங்கள் குடும்பத்துச் சாம்பியன் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். உத்தனப்பள்ளியில் தக்காளியும் பீன்ஸும் போடுகிற காடு அவருக்கு. பிள்ளைக்கு இப்படி என்று தெரிந்ததும் காட்டை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வந்து தங்கிவிட்டார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போக முடிந்தது அவரால்தான். ஊரில் பால் வண்டிக்காரர் அவர் வாசலில் வண்டியை நிறுத்த மாட்டார், மெதுவாக ஓட்டிக்கொண்டே கேனை வாங்குவார் என்று என் கணவர் சொல்வார். நிறுத்தினால் இறங்கிக் களி சாப்பிட வேண்டியிருக்கும்.

முதல் நாள் வீட்டுப் பயிற்சிக்கு அண்ணி ரொம்ப ஆசையாகத் தயாரானார். பப்பாளியை அழகாக நறுக்கித் தட்டில் வைத்து என் மகள் முன்னால் நீட்டினார். என் மகள் உள்ளங்கையை நீட்டினாள், யாரும் பிடிக்காமல், தானாகவே. அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, என் கண்ணு வேணாம்னு சொல்லிடுச்சு. சமத்து, என் தங்கம்" என்று சொல்லி, சமத்துக்குப் பரிசாக ஒரு துண்டுப் பப்பாளியை எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டார்.

விரலைக் கிளினிக்கில் காட்டிக் கட்டுப் போட வேண்டியிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணி, "ஊட்டுன கையயே கடிச்சுப்புட்டா பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விரல் வலியைவிட அதுதான் அவருக்கு வலித்தது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அத்தனை நாள் உழைத்துக் கொண்டுவந்த கை, ஒரு துண்டுப் பப்பாளியில் போயிற்று. அடுத்த நாளிலிருந்து என் மகள் கையை நீட்டவில்லை, நேராகப் பல்லுக்கு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை மிஸ் எங்கள் வீட்டுக்கே வந்தார். அண்ணியை உட்காரவைத்து ஒரு நாடகம்போலச் சொல்லிக்கொடுப்பது அவர் திட்டம். அண்ணி எதையாவது கொடுக்க வேண்டும், மிஸ் வேணாம் என்பார், அண்ணி தட்டை எடுத்துவிட வேண்டும். பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய், பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய ஒப்பட்டைச் சுடச்சுட நெய் ஊற்றிக் கொண்டுவந்தார்.

"வேணாம்மா" என்றார் மிஸ், கையை நீட்டி.

"ஒண்ணே ஒண்ணு கண்ணு."

"அம்மா, நான் வேணாம் சொன்னா நீங்க எடுக்கணும்."

"எடுக்கறேன், எடுக்கறேன். இத மட்டும் தின்னுடு. இப்பிடி ஒல்லியா இருந்தா இந்தப் புள்ளைய எப்பிடித் தூக்குவ?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் ஒன்றைத் தின்றார். தின்றதால் பிடித்திருக்கிறது என்று முடிவாகி அடுத்தது விழுந்தது. நெய் வழிகிற விரல்களோடு அவர் மறுபடி மறுபடி கையை நீட்டினார், ஒப்பட்டு மறுபடி மறுபடி வந்தது. படித்த படிப்பு, வாங்கிய சான்றிதழ், எதுவும் அண்ணியிடம் செல்லவில்லை. என் மகள் குக்கர் வெயிட்டைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, நீட்டிய கையையும் அதைத் தாண்டி வருகிற தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் தண்ணீர் குடித்துவிட்டு விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அம்மா, கோச்சுக்காதீங்க. நான் பெரியவ. வாயத் தொறந்து தமிழ்ல சொல்றேன். என் வேணாமே இந்த வீட்டுல செல்லல. அவளுது எப்பிடிச் செல்லும்?" என்றார்.

அண்ணி கட்டுப் போட்ட விரலைத் தடவினார். "சொன்ன ஒடனே எடுத்துட்டா, குடுக்க மனசில்லாதவன்னு ஆயிடாதா?" என்று கேட்டார். வாதத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கு பாப்பா கை நீட்டுனது சரி. நாம சொல்லிக்குடுத்த மாதிரியே பண்ணா. நாம ஊட்டிட்டோம். கடிக்காம வேற என்ன பண்ணுவாம்மா அவ?"

அண்ணி பிள்ளை பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் மெதுவாக எழுந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி அத்திப்பள்ளி பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் மாறியது. சட்டத்தைக் கொண்டுவந்தது அண்ணி, காவல் காத்ததும் அண்ணி. இந்த வீட்டில் யார் வேணாம் என்று சொன்னாலும், பெரியவர் சின்னவர் என்று கிடையாது, அது வேணாம்தான். பிள்ளை பார்க்கிறாள். முதலில் மாட்டியவர் என் கணவர். இரண்டாவது தோசைக்கு அவர் வழக்கப்படி "வேணாம்க்கா" என்று சொன்னார், அதாவது போடு என்று அர்த்தம். அண்ணி தோசையைத் திருப்பிக் கல்லுக்கே கொண்டுபோய்விட்டார். அவர் கொஞ்ச நேரம் காலித் தட்டைப் பார்த்துவிட்டு, பசியோடு ஷிஃப்டுக்குப் போனார். அந்த வாரம் முழுக்க மனுஷன் பேக்கரியில் பன் தின்று வாழ்ந்தார். வேணும் என்று வாய்விட்டுக் கேட்க அவருக்கு வெட்கம். அக்காவிடம் அப்படிக் கேட்டு அவருக்குப் பழக்கமே இல்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து என் பெரியப்பா மாம்பழக் கூடையோடு வந்தார். காபி என்றதும், "எதுக்கும்மா, வேணாம், இப்பதான் குடிச்சேன்" என்றார். அண்ணி, "சரிங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் பிள்ளையைக் கண்ணால் காட்டினார். பெரியப்பா வெறும் வாயோடு பஸ் ஏறினார். சென்னையிலிருக்கிற என் சித்தி முதற்கொண்டு எல்லோரும் போன் போட்டு, ஏன் பெரியப்பாவுக்கு ஒரு வாய் காபி கொடுக்கவில்லை என்று கேட்டார்கள். எங்களுக்குள் சொத்துத் தகராறு என்றுகூட ஒரு கிளை முடிவு செய்துவிட்டது. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரக் கடைசியில் என் மகள் மறுபடி கையை நீட்டினாள். அண்ணி பப்பாளித் தட்டை எடுத்த வேகத்தில் துண்டுகள் தரையில் சிதறின. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, "எடுத்துட்டேன் சாமி, எடுத்துட்டேன்" என்றார்.

அதன் பிறகு கடி குறைந்தது. வீட்டுக்குள் குறைந்தது. வெளியில் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியாது. பள்ளி என்பது வெளியில்தானே இருக்கிறது.

மே மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம், என் கணவர் வழியில். போகாமல் இருந்துவிடலாம் என்று நான் சொன்னேன். மைக் செட், கூட்டம், கன்னத்தைக் கிள்ளுகிற கைகள், எல்லாம் அவளுக்கு ஆகாதவை. மிஸ்தான் போய்ப் பாருங்கள் என்றார். பந்தியில் அவளை எனக்கும் என் கணவருக்கும் நடுவில் உட்காரவைத்தோம். எதிர் வரிசையில் அண்ணி. மேசைமேல் இலைக்குப் பக்கத்தில் குக்கர் வெயிட். கல்யாணப் பெண்ணின் சித்தப்பா வாளியும் கரண்டியுமாகப் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார். பாயசத்தில் ஜவ்வரிசி. பப்பாளியின் வழவழப்பை விட மோசம். என் மகள் உள்ளங்கையை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே, "பாப்பாவுக்கு இல்லாமயா" என்று கரண்டியை அவள் கைக்கு மேலே கொண்டுபோனார். அவள் வாய் திறந்தது. அந்த வாயை எனக்குத் தெரியும். அவர் மணிக்கட்டு அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதும் தெரிந்தது.

எதிர் வரிசையிலிருந்து அண்ணி பாதி மேசைமேல் சாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார். பாயசம் அவருடைய பட்டுப் புடவையில் கொட்டியது.

"கொழந்த வேணாம்னு சொல்லுது இல்ல? எடுங்க."

"அட, கொழந்ததானே அக்கா, ஒரு கரண்டி—"

"எடுங்கன்னு சொல்றேன்."

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சித்தப்பா வாளியோடு அடுத்த இலைக்குப் போனார். அடுத்த இலைக்காரர் பயந்துபோய் வாங்கிக்கொண்டார். என் மகள் கையை இறக்கிவிட்டு வெயிட்டைச் சுற்றிவிட்டாள். யாரையும் கடிக்கவில்லை. அத்தனை கூட்டத்தில், அத்தனை சத்தத்தில் அவள் கை வேலை செய்தது. புடவையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணியின் காலில் விழலாம்போல எனக்கு இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து வெயிட்டைச் சுற்றினாள். எனக்குச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவளை அள்ளி, முகத்தோடு முகம் வைத்து முத்தம் கொடுக்கப் போனேன்.

ஈரமான உள்ளங்கை ஒன்று என் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

"வேணா" என்றாள்.

குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. அதுவரை அந்த வார்த்தை எங்கள் வாயில்தான் இருந்தது, அவளிடம் கை மட்டும்தான். மற்ற அம்மாக்களுக்குப் பிள்ளையின் முதல் வார்த்தை அம்மா. எனக்கோ, நான் வேண்டாம் என்பது. அவளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இன்னொரு தரம் சொல்லு என்று கேட்க வேண்டும்போல இருந்தது. என் கை அவளை விட மறுத்தது. வாசற்படியில் நின்றிருந்த அண்ணி மெல்லிய குரலில், "எடும்மா கைய" என்றார்.

எடுத்தேன். ஒரு முழம் தள்ளியும் உட்கார்ந்தேன். அவள் வெயிட்டை மறுபடி சுற்றிவிட்டாள், எதுவும் நடக்காததுபோல. நான் அழுதேன். சந்தோஷம்தான், ஆனால் வலித்தது, இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி கல்யாண வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த ஒப்பட்டைச் சூடாக்கித் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். பந்தியில் எனக்கு ஒரு வாய்கூட இறங்கியிருக்கவில்லை. பசி காதை அடைத்தது. ஆனாலும் வாய் பழக்கத்தில், "வேணாம் அண்ணி" என்றது.

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நெய் வாசனை மட்டும் கூடத்தில் நின்றது. நான் என் மகளைப் பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரிடமும் நான் சொல்லியிராத வார்த்தை அது. முதலில் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

"வேணும் அண்ணி" என்றேன்.